நீல இன்ஹேலர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த ஆஸ்துமா கட்டுரை பயனுள்ளது. ஆனால் மூச்சு முட்டினால் நீல இன்ஹேலரை அடியுங்கள் என்பதோடு அது நின்றுவிட்டது. அதிலுள்ள சல்புட்டமால், மூச்சுக்குழாய்த் தசையில் மருந்து போய் ஒட்டும் இடங்களான பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டித்தான் தசையைத் தளர்த்துகிறது. இவ்வகை மருந்தை விலங்குகளுக்கு நாள்கணக்கில் விடாமல் கொடுத்த ஆய்வுகளில் அந்த ஏற்பிகள் குறைந்தன; தசையும் முன்போல் தளரவில்லை. குழாயின் உள்வீக்கத்தையும் இது ஆற்றுவதில்லை. பெரியவர்களும் பதின்ம வயதினரும் இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று கினா எனும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019-இல் அறிவித்தது.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 200 முறை அடிக்கக்கூடிய குப்பி அவருக்கு மூன்றே வாரத்தில் தீர்ந்துவிடும். “முன்ன மாதிரி கேக்கல” என்பார், அப்புறம் இன்னும் இரண்டு தடவை அடிப்பார். நாங்களும் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் தொடங்கிய பிறகுதான் இரவில் படுத்துத் தூங்கினார். தோட்டப்புற மருந்துக் கடைகளில் நீல இன்ஹேலர் கேட்பவரிடம், போன தடவை எப்போது வாங்கினீர்கள் என்று விசாரிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் மீண்டும் வந்தவரைக் கிளினிக்குக்கு அனுப்பி, இதைத் தமிழில் விளக்கும் சிறு அட்டையையும் கையில் தரலாம்.

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்