வாத்து வாத்தாகவே இருக்கட்டும்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்பதா வசவு என்பதா தெரியவில்லை. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை ஒரே வரியில் எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்க 'இதுதானா முடிவு, இதற்கா இருபத்தாறு பகுதி உட்கார்ந்து பார்த்தேன், உன் பேச்சைக் கேட்டேன் பார்' என்று கொட்டியிருக்கிறாய். முதலில் அம்மாவிடம் சொல், சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட வேண்டும், குனிந்து வாசல் பெருக்கக் கிளம்பிவிடக் கூடாது. இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு மாற்றல் வரும் வரும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள், கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, பிரின்சஸ் டூடூவுக்கு, அந்த ஜப்பானிய அனிமேஷன் தொடருக்கு வருவோம். ஏரியில் இருந்த வாத்து ஒன்று அஹிரு என்ற பெண்ணாகி, டூடூ இளவரசியாக ஆடி ஆடி, இளவரசன் மித்தோவின் உடைந்த இதயத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் மறுபடி வாத்தாகவே நின்றுவிடுகிறதே, அதுதானே உன் கோபம்?

நீ மட்டும் இல்லை, நான் பார்க்கச் சொன்ன எல்லாருமே கடைசிப் பகுதி முடிந்ததும் என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்கள். அண்ணன் மகள் இருக்கிறாளே, கல்லூரி இரண்டாம் வருஷம், அவள் அழுத அழுகையில் அண்ணி பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். அவள் கோபமெல்லாம் இளவரசனின் தோழன் ஃபாகிர் மேல். எழுதியது நடக்கும் என்கிற வரம் ஒருத்தன் கையில் இருக்கும்போது 'அஹிரு மறுபடி பெண்ணானாள்' என்று ஒரு வரி எழுத என்ன கேடு, பேனாவில் மை தீர்ந்துவிட்டதா என்கிறாள். அவளுடைய தோழி ஒருத்தி இதற்கு நேர் எதிர், காக்கையிடம் வளர்ந்து கடைசியில் இளவரசனோடு போன ரூவுக்கு நல்ல வாழ்க்கை அமைந்ததே போதும், மற்றது எப்படிப் போனால் என்ன என்கிறாள். என்கூட வேலை பார்ப்பவர் ஒருவர், படம் என்றாலே கடைசியில் கல்யாணம் ஆக வேண்டும் என்று நினைப்பவர், கதை பாதியில் நிற்கிறது, அடுத்த பாகம் எப்போது என்று கேட்டார். 2003 மே மாதத்தோடு முடிந்துபோன தொடர் ஐயா, அடுத்த பாகமும் இல்லை, ஒன்றும் இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்.

ஜப்பானில் அதை அப்போதே பார்த்தவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. 2002 ஆகஸ்டில் தொடங்கியது. முதல் பாகத்தின் பதின்மூன்று பகுதிகளும் முழுசு முழுசாக வந்தன, இரண்டாம் பாகத்தைப் பாதிப் பாதியாக வெட்டி வாரம் ஒரு துண்டு என்று போட்டார்கள். அவ்வளவு காத்திருந்து, கடைசியில் ஏரியில் ஒரு வாத்து. உலகம் முழுக்க ரசிகர்கள் இருபது வருஷத்துக்கு மேலாக அவளைப் பெண்ணாக்கித் தாங்களே கதை எழுதுகிறார்கள், படம் வரைகிறார்கள். ஃபாகிருக்குக் கல்யாணமே செய்து வைத்துவிட்டார்கள் பலர். நானும் ரசித்துப் படித்திருக்கிறேன், அதை விடு.

ஆனால் அந்த ஒரு வரியை அவன் எழுதியிருக்கக் கூடாது என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அந்தக் கதையில் கெட்டவன் யார்? அண்டங்காக்கை என்பாய். காக்கை கதைக்குள் இருக்கும் வில்லன், அவ்வளவுதான். நிஜமான கெட்டவன் செத்துப்போன கதாசிரியன் ட்ரோசல்மயர். எழுதியதெல்லாம் நடக்கிறது என்று பயந்த ஊர்க்காரர்கள் அவன் கையை வெட்டுகிறார்கள், அவன் தன் ரத்தத்தாலேயே தொடர்ந்து எழுதுகிறான், செத்த பிறகும் கதையை ஓட்ட ஓர் இயந்திரத்தை விட்டுவிட்டுப் போகிறான். அவனுக்கு வேண்டியது நல்ல சோகக் கதை. யார் அழுதால் என்ன, யார் செத்தால் என்ன. வாத்தைப் பெண்ணாக்கியது யார்? அவன்தான். 'அந்த இளவரசன் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்க வேண்டும்' என்று ஏரியில் நீந்திக்கொண்டிருந்த ஒரு ஜீவன் ஆசைப்பட்டது, அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு கழுத்தில் பதக்கத்தை மாட்டிவிட்டான், கூடவே அவள் வாயால் காதலைச் சொன்னால் ஒளிப்பொட்டாகி மறைந்துவிடுவாள் என்று ஒரு நிபந்தனையும் வைத்தான். ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடல்கன்னி நுரையாவதை அப்படியே எடுத்து இங்கே வைத்திருக்கிறார்கள். ஆக, அவளைப் பெண்ணாக்குவது அவன் வேலை. அதையே ஃபாகிரும் செய்தால் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? இவன் நல்லவன், நல்ல எண்ணத்தில் செய்கிறான் என்பாய். நல்ல எண்ணத்தில் எழுதித்தானே சின்ன வயதில் அவன் அப்பா அம்மாவைப் பறிகொடுத்தான்? காக்கைகளை எதிர்த்து நிற்பதாகத் தன்னைப் பற்றி ஒரு கதை எழுதுகிறான், காக்கைகள் நிஜமாகவே வருகின்றன, பிள்ளையைக் காப்பாற்றப் போன பெற்றவர்கள் போய்ச் சேருகிறார்கள். அவன் பேனாவைத் தொடப் பயந்தது அதனால்தான். அப்புறம் எழுத வந்தபோதும் அஹிருவைப் பற்றி மட்டும்தான் அவனால் எழுத முடிகிறது, அதுவும் அவளை அசைத்துவைப்பதற்காக அல்ல, அவள் செய்வதைப் பார்த்து எழுதுகிறான். இருபத்தைந்தாம் பகுதியில் ட்ரோசல்மயர் அவன் கைக்குள் புகுந்து தன் வரிகளை எழுத வைக்கும்போது, அந்தக் கையையே குத்திக்கொண்டு நிறுத்துகிறானே, அவனிடம் போய் 'ஒரே ஒரு வரி எழுதேன்' என்று எப்படிக் கேட்பது?

அதோடு அந்தப் பதக்கம். நீ எழுதியிருந்தாய், அவளிடம் இருந்ததைப் பிடுங்கிவிட்டார்கள் என்று. அது எப்போது அவளுடையதாக இருந்தது? அது இளவரசனின் இதயத்துண்டு, கடைசித் துண்டு. கல்யாணத்துக்குக் கழுத்தில் போட்டுக்கொண்ட இரவல் நகை மாதிரி, எவ்வளவு அழகாக இருந்தாலும் சாயங்காலம் திருப்பித் தந்தே ஆக வேண்டும். அவளுக்கே அது தெரியும். கழற்றத்தான் முடியவில்லை, அந்த நம்பிக்கையின்மையின் ஏரியில் இறங்கி மூழ்கப் பார்க்கிறாள், ஃபாகிர் பின்னாலேயே குதித்து, தண்ணீருக்கடியில் இரண்டு பேரும் ஆடுகிறார்கள். அங்கே அவன் சொல்வதைக் கவனித்தாயா? 'நீ பெண்ணாகவே இருக்கலாம்' என்று சொல்லவில்லை. நிஜமாக நீ யாரோ அதற்கே திரும்பிப் போ, நான் எப்போதும் பக்கத்தில் இருப்பேன் என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். இருபத்தாறு பகுதியிலும் காதல் என்று நான் ஒத்துக்கொள்வது அந்த ஒரு காட்சியைத்தான். முத்தம் கூட இல்லை. அதற்குப் பிறகுதான் பதக்கம் கழன்று வருகிறது.

வாத்தானதும் அவள் கதை முடிந்ததா? இல்லையே! அங்கேதான் தொடங்குகிறது. ரூவைக் காக்கை விழுங்கிவிட்டது, இளவரசன் பழையபடி தன் இதயத்தை உடைத்துக் காக்கையைச் சிறைபிடிக்கக் கையை ஓங்குகிறான், அதாவது ட்ரோசல்மயர் ஆசைப்பட்ட அதே முடிவு மறுபடியும். ஊர் ஜனங்கள் காக்கைகளாக மாறிப் பறக்கிறார்கள். அந்த நடுவே கையளவு மஞ்சள் வாத்து ஆடத் தொடங்குகிறது. இளவரசியாக இருந்தபோது விரல் நுனியில் நின்று சுற்றியவள், இப்போது அந்தக் குட்டைக் காலை வைத்துக்கொண்டு அதே ஆட்டத்தை ஆடப் பார்க்கிறாள். கொத்துகிறார்கள், தூக்கி எறிகிறார்கள், விழுகிறாள், எழுகிறாள், மறுபடி இறக்கையை விரிக்கிறாள். இறகு கொட்டிப்போன அந்த உடம்பைப் பார்க்க எனக்கு முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டு அடுக்களைக்குப் போய் வந்தேன். ஃபாகிர் எங்கோ உட்கார்ந்து கை வலிக்க வலிக்க எழுதுகிறான், அவள் எழுந்தாள் என்று. அவன் எழுதியதால் அவள் எழுந்தாளா, அவள் எழுந்ததால் அவனால் எழுத முடிந்ததா? நானும் அண்ணன் மகளும் இதை வைத்தே ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம். அவள் எழுந்ததால்தான் என்பது என் கட்சி.

தொடர் முழுக்க டூடூ யாரையும் அடித்து ஜெயிக்கவில்லை, கவனித்திருப்பாய். மந்திரக்கோல் கிடையாது, வாள் கிடையாது. வலியோடு இருப்பவர் முன்னால் போய் நின்று, என்னோடு ஆடுகிறாயா என்று கேட்பாள், அவ்வளவுதான். கடைசியில் கேட்க வாயும் இல்லை, ஆடக் காலும் சரியில்லை, அப்போதும் அதையேதான் செய்கிறாள். பெண்ணாக இருந்துகொண்டு அதைச் செய்திருந்தால் அந்தக் காட்சிக்குப் பாதி பலம்கூட வந்திருக்காது.

ரூ விஷயத்தில் நீ எழுதியதுதான் எனக்குக் கோபம். 'அந்தக் காக்கைக்காரிக்கு இளவரசன், நம்ம பிள்ளைக்கு ஏரியா' என்று எழுதியிருந்தாயே. அடி பாவி, அவள் காக்கையே இல்லை! தொட்டிலில் இருந்து தூக்கிக்கொண்டு போய், அண்டங்காக்கையின் ரத்தத்தைக் குடிக்கக் கொடுத்து, நீ அசிங்கமானவள், உன்னை யாரும் நேசிக்க மாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த மனுஷப் பிள்ளை. இளவரசனுக்கு இதயமே இல்லாமல் வெறும் பொம்மையாக இருந்த காலத்திலேயே அவனைப் பிடித்துக்கொண்டிருந்தவள். முடிவில் அவனுக்காகத் தன்னையே காக்கைக்குக் கொடுக்கிறாள். எனக்குக் குறை என்றால் மித்தோவைப் பற்றித்தான். இதயம் முழுசாகத் திரும்பி வந்த மனுஷன் ஏதாவது ஒரு நல்ல காட்சியில் மனம் திறந்து பேச வேண்டாமா? அவன் ரூவைத் தேர்ந்தெடுப்பது சரிதான், ஆனால் அது ஏன் என்று காட்டும் நேரத்தில் அன்ன ரதம் வந்து நின்றுவிடுகிறது. அங்கே அவசரப்பட்டுவிட்டார்கள். கூடவே நிஜமாக விடைபெற்ற மாதிரியும் இல்லை, அந்த வாத்துக்கு ஒரு சொல் அதிகமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

சோகமான முடிவைக் கண்டால் மாற்றத் துடிப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை, செல்வி. இந்தத் தொடர் எதன் மேல் நிற்கிறதோ அந்த 'அன்னப்பறவை ஏரி' பாலே நாட்டியத்தையே எடுத்துக்கொள். 1877இல் மாஸ்கோவில் முதல்முதல் ஆடியபோது காதலர்கள் தண்ணீரில் மூழ்கிப் போனார்கள். 1895இல் பீட்டர்ஸ்பர்க்கில் மறுபடி அமைத்தபோது, மூழ்கினாலும் மறுவுலகில் சேர்ந்தார்கள். சோவியத் காலத்தில் மந்திரவாதியைத் தோற்கடித்து இரண்டு பேரும் உயிரோடு சேருகிற மாதிரியே மாற்றிவிட்டார்கள். இசை சாய்கோவ்ஸ்கியுடையதுதான், முடிவு மட்டும் ஊருக்கு ஊர் வேறு. உன் கடிதத்தைப் படித்தபோது, நீ அந்தக் காலத்து நாடக அரங்கில் அதிகாரியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்று. தொடரில் கதை நடக்கும் ஊர் ஜெர்மனியில் இருக்கும் நோர்ட்லிங்கன் என்ற ஊரைப் பார்த்து வரைந்தது. வட்டமான கோட்டைச் சுவர், உள்ளே சிவப்பு ஓட்டு வீடுகள், நடுவே தேவாலயக் கோபுரம். படத்தைத் தேடிப் பார், தொடரில் பார்த்தது மாதிரியே இருக்கும். கதைக்குள் இருக்கும்வரை அந்தச் சுவரைத் தாண்டி யாரும் போக முடியாது, போக வேண்டும் என்று தோன்றவே தோன்றாது. முடிந்ததும் கதவு திறக்கிறது. பிந்தி வந்தால் என்னைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று மாணவிகளை மிரட்டிய பூனை வாத்தியார்கூடப் பழையபடி வெறும் பூனையாகிவிடுகிறார். எல்லாரும் அவரவர் நிஜத்துக்குத் திரும்பும்போது, அவளை மட்டும் ட்ரோசல்மயர் கொடுத்த உருவத்திலேயே நிறுத்தி வைப்பது எப்படிச் சரியாகும்?

இவ்வளவு சொல்கிறேனே தவிர, எனக்கு வலிக்கவில்லை என்று நினைக்காதே. தொண்டையில் மாட்டிக்கொண்டது ஒன்று இருக்கிறது. எல்லாரும் 'அவளால் பேச முடியாதே, பள்ளிக்கூடம் போக முடியாதே' என்கிறார்கள். நான் நினைத்தது வாத்தின் ஆயுசை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷம் இருக்குமா? ஃபாகிருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. எப்போதும் பக்கத்தில் இருப்பேன் என்று சொன்னவன் அதைத் தெரிந்தேதான் சொன்னானா? ஏரிக்கரையில் தூண்டிலைப் போட்டுவிட்டு அவன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறான், அவள் பாட்டுக்குப் பக்கத்தில் மிதக்கிறாள். இதை அண்ணன் மகளிடம் சொன்னேன், போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை.

முடிவுப் பாட்டைத் தாண்டாமல் கேள். தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் ரித்ஸுகோ ஒகாசாகி எழுதிப் பாடியவை, தொடர் முடிந்த மறு வருஷம், 2004இல், அவர் இறந்துவிட்டார். அது தெரிந்த பிறகு எனக்கு அந்தக் குரலே வேறு மாதிரி கேட்கிறது.

உன் மகனுக்கும் போட்டுக் காட்டப் போவதாக எழுதியிருந்தாய். காட்டு. ஆனால் முடிவை நீ முந்திக்கொண்டு சொல்லாதே, பக்கத்தில் உட்கார்ந்து 'ச்சே' கொட்டாதே. அவனாகப் பார்த்து என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுது, பத்து வயதுப் பையன்கள் வாத்தின் பக்கம் நிற்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். அப்புறம் தீபாவளிக்கு வருவதாக இருந்தால் இப்போதே டிக்கெட் எடு, கடைசி நேரத்தில் பேருந்தில் நின்றுகொண்டு வந்து என் வீட்டில் காலைப் பிடித்துக்கொண்டு படுக்காதே. அம்மாவின் கறுப்புக் கண்ணாடிப் புகைப்படம் பார்த்தேன், சினிமாக்காரி மாதிரி இருக்கிறார்கள், நான் சொன்னேன் என்று சொல்.

அன்புடன்,
கௌரி