ஏழு காக்கைகளுக்குச் சிறகு தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் ‘ஏழு காக்கைகள்’ கதையை விரித்து நான் எழுதிய மாயப்புனைவு நாவல் அச்சேறிவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. மற்ற பங்காளிகளுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி என் ஜெர்மன் ஆசிரியைக்கு. மூலக்கதை இதுதான்: ஏழு பையன்களுக்குப் பின் ஒரு பெண் குழந்தை, அதுவும் நோஞ்சானாகப் பிறக்கிறது. அதன் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போன பையன்கள் குடத்தைக் கிணற்றுக்குள் தவறவிட்டு, வீடு திரும்பப் பயந்து நிற்கிறார்கள். பொறுமையிழந்த தகப்பன், எல்லாரும் காக்கையாகட்டும் என்று சபிக்க, அப்படியே ஆகிவிடுகிறது. அண்ணன்கள் இருந்த சங்கதியையே மறைத்து அந்தப் பெண்ணை வளர்க்கிறார்கள். ஊரார் வாயிலிருந்துதான் அவளுக்கு விஷயம் தெரியவருகிறது. அவள் வந்து கேட்டதும், அது விண்ணின் விதி, நீ பிறந்தது வெறும் நிமித்தம், உன்மேல் குற்றமில்லை என்று பெற்றோர் சொல்கிறார்கள். இந்த இடத்தை ஆசிரியை என்னை மறுபடி படிக்கச் சொன்னார். பிடிபட்ட பிறகும் அந்த மனிதர் ‘நான்தான் சபித்தேன்’ என்று சொல்லவில்லை பாருங்கள்! கிரிம் சகோதரர்கள் சட்டெனக் கடந்துபோகும் அந்த மழுப்பலிலிருந்துதான் என் நாவல் தொடங்குகிறது.

பழைய பதிப்புகளைத் தேடிக்கொடுத்த நூலகருக்கு அடுத்த நன்றி. 1812ஆம் ஆண்டின் முதல் பதிப்பில் காக்கைகள் மூன்றுதான். சபிப்பதும் தாய், கோயிலில் பிரசங்கம் நடக்கும் நேரத்தில் பிள்ளைகள் சீட்டாடியதற்காக. 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில் காக்கைகள் ஏழாயின, பழி தகப்பனிடம் போனது. இரண்டையும் நாவலில் ஊர்ப்பேச்சாக வைத்தேன். தெருவில் பாதிப்பேர் தாயைச் சொல்வார்கள், பாதிப்பேர் தகப்பனை. பெண் கடைசிவரை இரண்டையும் கேட்டுக்கொண்டே நடக்கிறாள்.

மூலக்கதையில் அண்ணன்களைத் தேடிப் போகும் அவள், அவர்கள் இருக்கும் கண்ணாடி மலையைத் திறக்க விடிவெள்ளி தந்த கோழியெலும்பைத் தொலைத்துவிட்டு, தன் சுண்டுவிரலையே வெட்டி அதைச் சாவியாக்கி மலையைத் திறக்கிறாள். அதன்பின் அந்த விரலைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அறுவைச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா ஒருவரிடம் கேட்டேன். துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைப்பதைச் செய்தே காட்டினார். இல்லாத விரல் சில நேரம் அரிக்கும், வலிக்கும் என்றும் சொன்னார். அந்த அரிப்பு இல்லாமல் நாவலின் பின்பாதி இல்லை. அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

பறவை பார்க்கும் நண்பர் ஒருவர், நம் தெருக் காக்கையை ஜெர்மனிக் காட்டுக்குள் பறக்கவிடாதே என்று கண்டித்தார். அங்குள்ள பெரிய காக்கைக்கு நம் ஊர்க் காக்கைபோல் சாம்பல் கழுத்து கிடையாது. அண்டங்காக்கையைவிடப் பெரியது, பறக்கும்போது வால் ஆப்புப்போல் விரியும். படித்தவர்கள் பாராட்டும் பறத்தல் காட்சிகள் பாதி அவருடையவை.

பிள்ளைகளைத் தின்னும் சூரியன் வரும் அத்தியாயத்தை வெட்டச் சொல்லிக் கடைசிவரை மல்லுக்கு நின்ற பதிப்பாசிரியருக்கும், எழுத்துப்பிழை பார்த்துத் தந்த தம்பிக்கும், அட்டை ஓவியருக்கும் என் அன்பு. சூரியன் அங்கேயேதான் இருக்கிறது, ஐயா.

என் பெரியம்மாவுக்கும் நன்றி. கையெழுத்துப்படியிலிருந்து ஒரு பகுதியைப் படித்துக் காட்டியபோது, எங்கள் வீட்டைப் பற்றி நான் அறியாத ஒன்றைச் சொன்னார். அது நாவலில் இல்லை. இந்த மடலிலும் எழுத மாட்டேன்.

உங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதியைத் தபாலில் அனுப்புகிறேன். நூலகருக்கு மட்டும் இரண்டு. ஒன்று அவருக்கு, ஒன்று அலமாரிக்கு.

நன்றியுடனும் அன்புடனும்,
நாவலை எழுதியவள்