பேர் வாங்கிய பொடிப்பூச்சி

ஃபோர்ட் வில்லியம்,
ஸ்காட்லாந்து.
ஜூலை 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து அம்மை போட்டிருக்கிறது என்று அம்மா அழுததாகத் தம்பி சொன்னான். அம்மை இல்லை, பூச்சிக்கடி. போனில் சொன்னால் பாதியிலேயே அம்மா போனைப் பிடுங்கிக்கொள்ளும், அதனால்தான் கடிதம்.

இங்கே இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. ஓட்டல் அடுக்களைக் குப்பையைக் கொட்டப் பின்வாசலுக்குப் போனால் போதும், காற்றில்லாத நாளில் இந்தப் பொடிப்பூச்சி முகமெல்லாம் மொய்த்துவிடும். இறக்கை விரித்தாலும் 2 மில்லிமீட்டர் வராது. கடிப்பது பெட்டை மட்டும். அதிலும் முதல் ஈத்து முட்டைக்கு ரத்தம் வேண்டாமாம், அடுத்த ஈத்துக்குத்தான் நம்மைத் தேடுகிறது!

பேர் மிட்ஜ். ஆளைக் குள்ளம் என்று இளக்காரமாகச் சொல்லும் 'மிட்ஜெட்' இதிலிருந்து பிறந்த சொல்தான். என்னோடு பாத்திரம் கழுவும் பெரியவர் ஸ்கை தீவுக்காரர். அவர்களுடைய கேலிக் மொழியில் 'மெனெவ் ஹுலக்' என்கிறார். பொடி ஈ என்று அர்த்தமாம். பொடிப்பயல், பொடிநடை என்று நாமும் சொல்வோம் என்றேன், சிரித்தார்.

போன வாரம் தங்கிய ஓர் அமெரிக்கர் தங்கள் ஊரில் இதை 'நோ-சீ-அம்' என்பார்கள் என்றார். நோ என்றால் இல்லை, சீ என்றால் பார், அம் என்றால் 'அதுகளை'. கண்ணுக்குத் தெரியாமல் கடிப்பதால் அந்தப் பேர். பொருத்தம்தான். ஆனால் அந்த 'அம்' அந்நாட்டுப் பூர்வகுடிகள் பேசியதாகச் சொல்லப்படும் ஆங்கிலத்தின் வால். அந்தப் பேச்சை வெள்ளைக்காரர்கள் பழித்துக் காட்டியும் வந்திருக்கிறார்கள். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த புதிதில் என் ஆங்கிலத்தை ஒருவன் அப்படித்தான் பேசிக் காட்டுவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதே சாதிப் பூச்சிதான் நம் ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருகிறது. கூட நிற்பதால் ஒட்டாது, இது கடித்துத்தான் பரவும். அந்தக் கார்த்திகையில் நாலு ஆடு வாய் வீங்கி, மூக்கொழுகி, நொண்டி விழுந்ததே, நாம் மழையைத் திட்டினோம். திருமங்கலம் சந்தையில் வாங்கிய கிடாய்தான் கொண்டுவந்தது என்று நீங்கள் பெரியப்பாவோடு சண்டைகூடப் போட்டீர்கள். சாணி ஈரமும் சேறும் இருந்தால் இதற்குப் போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். பட்டியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். பொழுதடையும்போது புகைமூட்டம் போடுங்கள்.

அப்புறம், தாத்தா ஆட்டுக்கிடையில் படுத்த காலத்தில் இதற்குத் தனியாக ஒரு பேர் இருந்திருக்குமே? நான் கொசு என்றுதான் கேட்டிருக்கிறேன். பெரியப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். ஸ்கை பெரியவர் தினமும் விசாரிக்கிறார்.

அன்பு மகன்,
முருகேசன்