எங்கள் வாசகசாலை மென்பொருளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஊர் வாசகசாலைக்கான புத்தகப் பட்டியல் மென்பொருளின் முதல் நிலையான பதிப்பு இந்த வாரம் வெளியாகிவிட்டது. புத்தகத்தைப் பதியலாம், தேடலாம், யார் எதை எடுத்துப் போனார் என்று குறித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அதன் வேலை. பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டிருந்தபோது தொடங்கியதை, நிரலைப் பலர் பகிர்ந்து திருத்தும் கிட்ஹப் தளத்தில் போட்டு, சேர்ந்து செய்ய ஆள் வேண்டும் என்று கேட்டேன். வந்தீர்கள். உங்கள் பெயர்கள் பங்களிப்பாளர் கோப்பில் இருக்கின்றன. யார் செய்த எந்த வேலையால் என்ன மாறியது என்பதை அந்தக் கோப்பு சொல்லாது. அதனால்தான் இந்த மடல். சிலர் பெயர் போட வேண்டாம் என்றதால் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி, ஒரு வரி நிரல்கூட எழுதாத ஒருவருக்கு. நூலகராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா அவர். திரையில் பட்டியலைப் பார்த்ததும், "அகராதியில இப்படியா தம்பி வரும்?" என்று கேட்டார். பைத்தான் தமிழ்ச் சொற்களை யூனிகோடு எண்களின்படிதான், அதாவது கணினிக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் தந்த எண்களின்படிதான், அடுக்கும். அந்த எண்வரிசையில் ந-வை அடுத்து ன வருகிறது, ர-வை அடுத்து ற வருகிறது. நம் நெடுங்கணக்கில் ற, ன இரண்டுக்கும் இடம் கடைசியில். அதனால் மரம், மலை, மழை, மனம் என்று வர வேண்டிய வரிசையில் மனம் முதலில் வந்து நின்றது. புள்ளி எழுத்திலும் இதே தொல்லை. அக்கா முன்னும் அகம் பின்னும் வர வேண்டும், கணினி அதைத் தலைகீழாக்கியது. ஐயா குழப்பம் வரக்கூடிய சொற்களாகத் தேடி எடுத்து, சரியான வரிசையில் ஒரு நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினார். இன்று, நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் எங்கள் டெஸ்ட் கோப்பில் இருப்பது அந்த நோட்டுதான். நிரலை யார் திருத்தினாலும் ஐயாவின் வரிசை கலைந்தால் அந்தத் திருத்தம் மெர்ஜ் ஆகாது, அதாவது முதன்மை நிரலோடு சேராது. ஐயா, உங்கள் கையெழுத்துப் பக்கங்களையும் நிரல் இருக்கும் ரெப்போவிலேயே (கிட்ஹப் கிடங்கு) வைத்திருக்கிறோம்.

அடுத்து, தேடலைச் சரிசெய்த கோயம்புத்தூர்த் தங்கைக்கு. புத்தகம் பட்டியலில் கண்ணுக்குத் தெரியும், தேடினால் இல்லை என்று வரும். நிரலில் எவ்வளவு பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. நீங்கள் நிரலை விட்டுவிட்டு எழுத்துகளைப் பார்த்தீர்கள். 'கொ' என்பதை ஒரே துணைக்குறியோடும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. யூனிகோடு இயல்பாக்கம் செய்தால், அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், இது தீர்ந்துவிடும் என்று ஒரே வரியில் காட்டினீர்கள். ஸ்ரீ மட்டும் அதற்கும் மசியவில்லை. ஸ-வில் தொடங்கி எழுதுவது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கி எழுதுவது இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், இயல்பாக்கமும் இரண்டையும் ஒன்றாக்காது. அதற்குத் தனி விதி எழுதி, ஏன் எழுதினீர்கள் என்ற விளக்கத்தையும் கமிட்டிலேயே (திருத்தத்தைச் சேமிக்கும் பதிவு) வைத்தீர்கள். அது உங்களுடைய முதல் புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) என்று பிறகுதான் தெரிந்தது. மிக்க மகிழ்ச்சி.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணா, நீங்கள் கேட்ட ஒரே கேள்வி மென்பொருளின் அடித்தளத்தையே மாற்றியது. "எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பட்டியல் என்ன ஆகும்?" அப்போது எல்லாவற்றையும் ஒரே ஜேசன் கோப்பில் (தகவலை வெறும் உரையாக வைக்கும் கோப்பு) சேமித்துவந்தோம். பாதி எழுதும்போது கணினி அணைந்தால் முழுப் பட்டியலும் போய்விடும். எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்துக்கு மாறச் சொன்னீர்கள். அதில் ஒரு பரிவர்த்தனை, அதாவது ஒருசேர எழுதும் மாற்றம், முழுதாகப் பதிவாகும், இல்லையென்றால் பதிவே ஆகாது. மின்வெட்டு வந்துபோகும் ஊரில் பழைய மடிக்கணினியில் ஓடும் மென்பொருளுக்கு இதைவிட முக்கியமான திருத்தம் கிடையாது. நீங்களே ஒரு மாலையில் எழுதி முடித்திருப்பீர்கள். அப்படிச் செய்யாமல் என் நிரலை வரி வரியாகப் படித்துக் குறிப்பு எழுதினீர்கள், பெரிய புல் ரிக்வெஸ்டைச் சிறிது சிறிதாகப் பிரிக்க வைத்தீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் என் நிரலை அவ்வளவு பொறுமையாகப் படித்தார் என்பதை இப்போது நினைத்தாலும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

விண்டோஸில் நிறுவும் வழிமுறையை எழுதித் தந்த கல்லூரி நண்பர்களுக்கும் நன்றி. பைத்தானை நிறுவும்போது பாத்தில் (விண்டோஸ் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கும் கட்டத்தை டிக் செய்யாவிட்டால் python என்ற கட்டளை ஓடாது என்பதைப் படத்தோடு சேர்த்தீர்கள். அதன் பிறகு நிறுவல் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

கோஹாவை எடுத்துச் சொன்னவருக்கும் நன்றி. நியூசிலாந்தின் ஹோரோஹெனுவா நூலகங்களுக்காக உருவாகி 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய கட்டற்ற நூலக மென்பொருள் அது. "இவ்வளவு பெரியது இருக்க இது எதற்கு?" என்று அக்கறையோடுதான் கேட்டீர்கள். பெரிய நூலகத்துக்குக் கோஹாதான் சரி. ஒரு அறை, ஒரு கணினி, மாலையில் மட்டும் வரும் ஒரு தன்னார்வலர் என்று இருக்கும் இடத்துக்கு சர்வர் வைத்துப் பராமரிப்பது கஷ்டம். உங்களுக்குப் பதில் எழுதியபோதுதான் எங்கள் மென்பொருளின் எல்லை எனக்கே தெளிவானது. அந்தப் பதில்தான் இப்போது மென்பொருளை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பின் முதல் பத்தி.

உரிமம் பற்றிப் பேசிய அக்கா, எம்ஐடி, ஜிபிஎல் என்ற இரண்டு மென்பொருள் உரிமங்களுக்கும் உள்ள வேறுபாட்டை வழக்கறிஞர் போல இல்லாமல் வீட்டு மனிதர் போல விளக்கினீர்கள். இதை மாற்றிப் பிறருக்குக் கொடுப்பவர்கள் மூல நிரலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதற்காக ஜிபிஎல் மூன்றாம் பதிப்பைத் தேர்ந்தோம்.

இன்னொருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இணைய முகப்பு ஒன்றை முழுதாக எழுதிக் கொண்டுவந்தீர்கள். நன்றாகவே இருந்தது. ஆனால் இணையம் இல்லாத இடத்துக்கான மென்பொருள் என்பதால் சேர்க்கவில்லை. நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, அப்போ வேற என்ன வேலை இருக்கு?" என்று கேட்டு, இரவல் பதிவேட்டை எடுத்துச் செய்தீர்கள். இன்று வாசகசாலையில் தினமும் பயன்படுவது நீங்கள் எழுதிய அந்தப் பகுதிதான்.

கிட்ஹப்பில் செய்ய வேண்டிய வேலையைக் குறித்துவைக்கும் இஷ்யூவை எழுதக் கற்றுத்தந்தவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். "உதவி தேவை" என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தவரை யாரும் வரவில்லை. எந்தக் கோப்பு, எந்தச் செயற்கூறு, என்ன கொடுத்தால் என்ன வருகிறது, என்ன வர வேண்டும் என்று எழுதி, 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவருக்கு ஏற்ற முதல் வேலை) என்று அடையாளமிடச் சொன்னீர்கள். அதன் பிறகுதான் மேலே சொன்ன பலரும் வந்தார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை அப்படியே செய்து பாருங்கள். அப்புறம், தமிழ் உரையைக் கையாள உதவும் ஓப்பன்-தமிழ் லைப்ரரியை (பிறர் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எழுதியவர்களுக்கும் நன்றி. துணைக்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் 'நூலகம்' என்றால் பைத்தானுக்கு ஆறு, நமக்கு நான்கு எழுத்து. நம் எழுத்துகளாகப் பிரிக்கும் அந்த வேலையை உங்கள் லைப்ரரிதான் எங்களுக்குச் செய்து தருகிறது.

அடுத்த பதிப்புக்கு இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றிச் சேர்க்க வேண்டும். திருப்பித் தராத புத்தகங்களின் பட்டியலை அச்சிட வசதி வேண்டும். இரண்டுக்கும் இஷ்யூ எழுதிவைத்திருக்கிறேன். பாமினியில் பழகியவர் யாராவது இருந்தால், நிரல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பழைய பட்டியலை மட்டும் அனுப்பிவையுங்கள்.

நன்றியுடனும் அன்புடனும்,
வாசகசாலை மென்பொருளைப் பராமரிப்பவன்