சித்திரையில் பரிசல் விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வரும், தஞ்சாவூர் மராத்திய ராஜா சரபோஜி காலத்துக் காதல் தொடரை எங்கள் வீட்டில் முதலில் படிப்பது என் மனைவிதான். அவள் முடித்து, அட்டையில் காபி டம்ளர் வட்டத்தோடு என் கைக்கு வர மத்தியானம் ஆகிவிடும். போன இதழில் ஒரு வாசகர், இத்தனை வாரமாகியும் ஒரு வாள்கூட உறையைவிட்டு வெளியே வரவில்லையே, இதெல்லாம் ஒரு சரித்திரக் கதையா என்று கோபித்திருந்தார். அதற்குப் பயந்துகொண்டு எழுத்தாளர் நடுவில் ஒரு போரைச் செருகிவிடுவாரோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

செருக வேண்டாம் சார். அந்தக் காலத்தில் தஞ்சாவூரில் சண்டைக்கு எங்கே போவது? 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனபிறகு ராஜாவுக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும்தான், வரி வசூல், நிர்வாகம் எல்லாம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. ராஜாவாவது சுவடி சேர்த்தார், அச்சுக்கூடம் வைத்தார், கண் வைத்தியத்தில் இறங்கினார். சர்தார், அதாவது படைத்தலைவர், வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? பட்டம் இருக்கிறது, குதிரை இருக்கிறது, நல்ல சரிகைத் தலைப்பாகை இருக்கிறது, போவதற்கு ஒரு படையெடுப்பு இல்லை. எதிர்வீட்டு உப்பரிகையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான். அதற்கு முந்தின தலைமுறை 1781இல் ஹைதர் அலி படை வந்து ஊர் ஊராகச் சூறையாடியதைப் பார்த்துவிட்டது. போர்தான் வேண்டுமென்றால் கதையில் வரும் அந்த அத்தை வெற்றிலை மடித்தபடி அதைப் பற்றி ரெண்டு வரி பேசட்டும், போதும்.

எனக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனது, மராத்தியை அந்தக் காலத்தில் எழுதிய மோடி எழுத்தில் அந்தக் கடிதம் வந்த அத்தியாயத்தில். நாயகன் இராத்திரி முழுக்க விழித்து எழுதிய காதல் கடிதம் ஆள் மாறி நாயகி வீட்டுக் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சேர, அவர் அதை நெல் கணக்கு என்று நினைத்து இத்தனை கலம், இத்தனை மரக்கால் என்று பேரேட்டில் ஏற்றிவிடுகிறாரே, நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மோடி என்பது பேனாவைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே போகிற எழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. இன்றைக்கும் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் கட்டுக்கட்டாக மோடி ஆவணங்கள் இருக்கின்றன, படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. நான் முப்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். "மேற்படி" என்பதை "மேற்குப் பிடி" என்று படித்துக்கொண்டு வரப்புத் தகராறு செய்தவர்களையே பார்த்திருக்கிறேன், அதனால் இது மிகை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாயகியை ஏழு வாரம் திரைக்குப் பின்னாலேயே வைத்து வளையல் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டதும் நல்ல சாமர்த்தியம். பெண் பார்க்கப் போனபோது நானும் பஜ்ஜித் தட்டைத்தான் பார்த்தேன், தட்டைப் பிடித்த கையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். போன அத்தியாயத்தில் நாயகன் கோட்டையிலிருந்து கிளம்பி, சித்ரா பௌர்ணமி நிலவில், கரைபுரளும் காவிரியில் பரிசல் விட்டுத் திருவையாறு வருகிறான். முதலில், தஞ்சாவூரிலிருந்து எங்கள் ஊருக்கு ஓர் ஆறு இல்லை, ஐந்து. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அப்புறம்தான் காவிரி. மற்ற நாலையும் அவன் எப்படித் தாண்டினான், குதிரையை எங்கே விட்டான்? இரண்டாவது, சித்திரையில் காவிரியில் ஏது வெள்ளம்? மேட்டூர் அணை 1934இல்தானே வந்தது, அதற்கு முன்னால் ஆறு எப்போதும் ஓடியிருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். குடகில் மழை விழுந்தால்தான் இங்கே தண்ணீர், அன்றைக்கும் அதே கதைதான். பங்குனி, சித்திரையில் மணல்தான். சின்ன வயதில் நாங்கள் அந்த மணலில் முழங்கை ஆழம் ஊற்றுப் பறித்து, கலங்கல் தெளிகிறவரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு குடிப்போம்.

பரிசலை ஆடிப்பெருக்குக்கு எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சித்திரையில் அவன் வரத்தான் வேண்டுமென்றால் உச்சி வெயிலில் வரட்டும். சரிகைச் செருப்பு மணலில் புதைந்து ஒன்று கழன்றுபோக, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு அவன் அக்கரை சேருவதைத் தோழிகளோடு அவள் பார்க்கட்டும். நிலவைவிட அது நன்றாக இருக்கும்.

இன்னொன்று, என் மனைவி கேட்கச் சொன்னாள். கணக்கப்பிள்ளை பேரேட்டில் ஏற்றியதோடு சரி, அந்தக் கடிதத்தில் நிஜமாகவே என்ன எழுதியிருந்தது என்று இதுவரை சொல்லவே இல்லையே?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்,
திருவையாறு.