பிராங்க்பர்ட்டைப் பார்த்தது போதும்: யூரோ நாட்டு நிதியமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

யூரோ நாடுகளின் நிதியமைச்சர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதும் மடல் உங்கள் மேசைக்கு வந்து சேராது என்று தெரியும். இருந்தாலும் யூரோவில் சம்பளம் வாங்கி யூரோவில் வரி கட்டும் தமிழர்கள் பாரிஸ் தொடங்கிப் பல ஊர்களில் இருக்கிறோம். எங்களுக்குள்ளாவது இதைப் பேசிக்கொள்ள வேண்டாமா?

2025 ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தில் டிரம்பும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லையனும் கைகுலுக்கினார்கள். பெரும்பாலான ஐரோப்பியப் பொருட்களுக்கு அமெரிக்காவில் 15% வரி என்று முடிவானது. அதற்கு முன் 30% என்று மிரட்டல் இருந்ததால் இதற்கே பலர் பெருமூச்சு விட்டார்கள். அப்புறம் வழக்கமான கேள்விக்கு வந்துவிட்டார்கள்: பிராங்க்பர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை இன்னும் குறைக்குமா? எனக்குக் கோபம் வருவது இந்தக் கேள்வியில்தான்.

வரி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம், அடி ஒன்றல்ல. ஜெர்மனிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் அது கார். அயர்லாந்துக்கு மருந்து. உருக்குக்கோ ஒப்பந்தத்துக்குப் பிறகும் 50% அப்படியே நின்றது. வரி வருவதற்கு முன்பே சரக்கை அனுப்பிவிட வேண்டும் என்று 2025 தொடக்கத்தில் அயர்லாந்திலிருந்து மருந்துகள் அமெரிக்காவுக்குக் குவிந்தன. முதல் காலாண்டில் யூரோ மண்டலம் முழுவதும் 0.6% வளர்ந்ததாகக் கணக்கு வந்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். அடுத்த காலாண்டில் அது 0.1% ஆனது. இந்தச் சராசரியைப் பார்த்துக்கொண்டு யாருக்கு என்ன மருந்து கொடுப்பீர்கள்?

மத்திய வங்கி தன் பங்கைச் செய்துவிட்டது. வங்கிகள் தன்னிடம் போட்டுவைக்கும் பணத்துக்குக் கொடுக்கும் வைப்பு வட்டி 4%-ஆக இருந்தது; அதை 2024 ஜூன் முதல் எட்டு முறை குறைத்து, ஓராண்டில் 2%-க்குக் கொண்டுவந்தது. ஆனால் வட்டி என்பது இந்தப் பெரிய ஏரிக்கு இருக்கும் ஒரே மதகு. 2025 ஆகஸ்டில் பிரான்ஸில் பணவீக்கம் 0.8%, எஸ்டோனியாவில் 6.2%. இன்னும் திறந்தால் எஸ்டோனியா மூழ்கும், மூடினால் பிரான்ஸ் காயும். கடைமடைக்குத் தண்ணீர் போக வாய்க்கால் வெட்ட வேண்டியது நீங்கள், பிராங்க்பர்ட் அல்ல.

முன்பெல்லாம் இத்தாலி தன் பழைய நாணயமான லிராவின் மதிப்பை இறக்கி ஏற்றுமதியைக் காப்பாற்றிக்கொள்ளும். யூரோ வந்த 1999-இல் அந்தக் கதவு மூடியாயிற்று. போதாக்குறைக்கு, வரி ஏறிய அதே மாதங்களில் டாலர் கணக்கில் யூரோவும் விலை ஏறியது. ஜனவரியில் 1.03 டாலராக இருந்தது ஜூலையில் 1.17-ஐத் தாண்டியது. அமெரிக்காவில் விற்பவருக்கு இது இரண்டாவது வரி.

இனி உதவி எங்கிருந்து வரும்? அவரவர் கஜானாவிலிருந்துதான். ஜெர்மனி 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்தையே திருத்தி, உள்கட்டமைப்புக்கு 50,000 கோடி யூரோ கடன் வாங்க வழி செய்துகொண்டது. 2024-இல் 5.8% நிதிப் பற்றாக்குறையோடு நின்ற பிரான்ஸில் பட்ஜெட் தகராறில் பிரதமர்களே வீட்டுக்குப் போனார்கள். ஒரே வரியால் அடிபட்ட இரண்டு தொழிற்சாலைகளில் ஒன்றைத் தூக்கிவிட ஆள் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. 2020-இல் கொரோனாவுக்காக ஐரோப்பிய ஒன்றியமே சேர்ந்து 75,000 கோடி யூரோ திரட்ட முடிவெடுத்தபோது யாரும் செத்துப்போகவில்லையே. அதன் முக்கியத் திட்டத்தில் பணம் கொடுப்பதற்கான கெடு 2026 இறுதியோடு முடிகிறது. அடுத்தது என்ன?

சரி, கூட்டுக் கடன் என்றாலே சிலருக்கு முகம் சுருங்கும். காசே செலவில்லாத வேலை ஒன்றைச் சொல்கிறேன். ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும் தடைகள் பொருட்களுக்குச் சுமார் 44% வரிக்குச் சமம் என்று சர்வதேச நாணய நிதியம் 2024-இல் கணக்கிட்டது. சேவைகளுக்கு 110%. கணக்கிட்ட முறையில் குறை காணலாம். ஆனால் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் டிரம்பின் 15%-ஐ விட அது பெரிது.

ரைன் நதிக்கு ஒரு பக்கம் ஜெர்மனியின் கேல், மறு பக்கம் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க். நடுவே டிராம் ஓடுகிறது, இரண்டு கரையிலும் ஒரே காசு. கேலில் மிளகாய்த்தூள் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு கடைக்காரர் அதை ஸ்ட்ராஸ்பர்க் வீடுகளுக்கு அனுப்ப நினைக்கிறார் என்று வையுங்கள். பேக்கேஜிங் கழிவுக்காக ஜெர்மனியில் பதிந்தது ஆற்றைத் தாண்டினால் செல்லாது. பிரான்ஸில் தனியாகப் பதிந்து, கணக்குக் காட்டி, கட்டணம் கட்ட வேண்டும். பாக்கெட் மேல் பிரெஞ்சில் விவரம் வேண்டும், கூடவே குப்பை பிரிப்பதற்கான டிரிமான் குறி. ஆஸ்திரியாவுக்கும் அனுப்பலாமா என்றால், 2023 முதல் அங்கே அதிகாரம் பெற்ற ஒரு பிரதிநிதியை நியமித்தாக வேண்டும். பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் ஓர் எக்செல் தாள். கடைக்காரர் ‘எதற்கு வம்பு’ என்று விட்டுவிடுவார். அவர் விற்காமல் போனது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

இது எங்கள் துறை இல்லை என்பீர்கள். வங்கி உங்கள் துறைதானே? யூரோ நாடு எதுவானாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 யூரோ வரை வைப்புத்தொகைக்கு உத்தரவாதம் உண்டு. ஆனால் வங்கி கவிழ்ந்தால் கொடுக்க வேண்டியது அந்தந்த நாட்டு நிதியம். நெருக்கடி வந்தால் பலவீனமான நாட்டிலிருந்து பணம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பொதுக் காப்பீடு வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2015 நவம்பரில் முன்வைத்தது. பத்தாண்டு தாண்டியும் அது கிணற்றில் போட்ட கல்.

நான் கேட்பது பெரிதல்ல. அந்தப் பொதுக் காப்பீட்டு வரைவை உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாகப் போடுங்கள். வாக்கெடுப்புக்கு ஒரு தேதி குறியுங்கள். எந்த நாடு என்ன காரணம் சொல்லித் தடுக்கிறது என்பதைப் பெயரோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
யூரோவில் வரி கட்டும் ஒருவன்