தூக்குவாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

கோட்டையூரில் வீட்டோடு பலகாரம் போட்டு விற்கிறவள் நான். பங்குனியில் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. சித்திரையில் ஆபரேஷன். வைகாசிக் கடைசியில் மதுரையில் கீமோ ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு, அப்புறம் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு, ஆக 16 முறை. கார்த்திகையில் எல்லாம் முடிந்தது. கூட நின்ற உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டதால் ஊரையும் உறவையும் வைத்தே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் தேவகோட்டை டீச்சர். அதுவரை உங்களை நான் பார்த்ததுகூட இல்லை. என் நாத்தனார் சொல்லித்தான் வந்தீர்கள். திண்ணையில் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "பல் டாக்டரைப் பார்த்தியா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. மருந்து ஏற ஆரம்பித்தால் வாய் புண்ணாகும், அந்தச் சமயத்தில் சொத்தைப் பல்லில் கை வைக்க முடியாது, இப்போதே பார்த்துவிடு என்றீர்கள். பிறகு பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 100.4 என்று மட்டும் எழுதியிருந்தது.

வாந்தி மாத்திரை விஷயத்தில் நீங்கள் சொன்னதை இப்போது நானும் எல்லாரிடமும் சொல்கிறேன். "அது வாந்தி வந்தப்புறம் போடறது இல்லம்மா, வராம இருக்கப் போடறது. எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போட்டுடு." அந்த மாத்திரையால் மலச்சிக்கல் வரும் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

முதல் நாள் அந்தச் சிவப்பு மருந்தைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து வந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. டாக்ஸோரூபிசின் என்று பெயர். நர்ஸ் தங்கச்சி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நிமிஷத்துக்கு ஒரு தரம் என் முகத்தைப் பார்த்து, "எரியுதாக்கா? லேசா எரிஞ்சாலும் உடனே சொல்லணும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும் மருந்தாம். தங்கச்சி, உங்கள் பொறுமைக்கு நன்றி. ஆபரேஷன் ஆன பக்கம் என்பதால் இடது கையில் ஊசியோ பிரஷர் பட்டையோ போட வந்தவர்களை ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் தடுத்தீர்கள், அதற்கும். அன்று ராத்திரி சிறுநீர் சிவப்பாகப் போனது. டீச்சர் முன்பே சொல்லி வைத்திருக்காவிட்டால் ரத்தம் என்று நினைத்து வீட்டையே எழுப்பியிருப்பேன்.

பதினோராம் நாள் ராத்திரி உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரில் 101. ஒரு காய்ச்சல் மாத்திரையைப் போட்டுப் படுத்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொன்னார்கள். என் மகள் அந்த நோட்டைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினாள். பக்கத்துத் தெரு கார் தம்பி, மணி ஒன்றுக்குக் கூப்பிட்டேன், சட்டைகூட மாற்றாமல் வந்தீர்களே. திருப்பத்தூர், மேலூர் தாண்டி 90 கிலோமீட்டர், விடியுமுன் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கியிருந்தன. நாலு நாள் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். இந்த நேரத்தில் வரும் காய்ச்சலுக்கு விடியும்வரை காத்திருக்கவே கூடாது என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அதற்கடுத்த பயணத்திலிருந்து காரில் சென்ட் பாட்டிலும் இல்லை, சாமி படத்துக்கு மல்லிகைச் சரமும் இல்லை. எனக்கு வாடை ஆகாது என்று நான் வாய் திறந்து சொன்னதே இல்லை. நீங்களாகக் கவனித்து எடுத்துவிட்டீர்கள், தம்பி.

அடுத்தடுத்த ஊசிகளில், வெள்ளை அணுக்கள் இறங்கும் பத்தாம் நாளிலிருந்து பதினாலாம் நாள்வரை வாசலோடு நின்று நலம் கேட்டுவிட்டுப் போன சொந்தக்காரர்களுக்கும் நன்றி. உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் என்றுதான் உங்களுக்கும் இருந்திருக்கும்.

முதல் ஊசி போட்ட பதினேழாம் நாள் தலையணை முழுக்க முடி. நாத்தனார் கிணற்றடியில் உட்கார வைத்து மெஷினால் வழித்துவிட்டார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் பள்ளத்தூர் ஆச்சி வந்தீர்கள். கையில் செங்கல் நிறக் கண்டாங்கி, முப்பது வருஷம் துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன சேலை. அதை நீங்களே என் கண் முன்னால் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் அடித்து, தலையில் கட்டிவிட்டீர்கள். புதுத்துணி உறுத்தும் என்றீர்கள். அந்த வாரம் மண்டைத்தோல் எப்படி வலித்தது என்று எனக்குத்தான் தெரியும். கண்டாங்கி உறுத்தவே இல்லை, ஆச்சி.

சோறு இரும்பு மாதிரி இருந்தது. தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டியது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இருபது வருஷம் நின்றவளுக்கு அந்த வாடையே ஆகாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரும் நான் கேட்காமலே அடுப்பையும் சட்டியையும் தங்கள் வீட்டுக்கு எடுத்துப்போனீர்கள். ஆறு மாசம் தேன்குழலும் சீப்புச் சீடையும் அங்கேதான் வெந்தன. சனிக்கிழமைதோறும் கணக்கும் பணமும் என் தலைமாட்டுக்கு வந்துவிடும். ஒரு வாடிக்கைகூடப் போகவில்லை.

உள்ளே இறங்கியது ஆச்சியின் கும்மாயம்தான், பருப்பு மாவும் வெல்லமும் போட்டுக் கிண்டுகிற இனிப்பு. காரமில்லை, மெல்ல வேண்டாம். தூக்குவாளியில் வரும், நாலு கரண்டி சாப்பிட்டால் அரை நாள் தாங்கும். வாய் புண்ணானபோது வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் போட்டுக் கொப்பளித்தேன். கஞ்சியை ஆறவைத்துக் குடித்தேன்.

வார ஊசி தொடங்கி ஏழெட்டு ஆனபின், ஆச்சி வீட்டு முகப்பில் செருப்பைக் கழற்றி நின்றேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சி பாதத்துக்குத் தெரியவில்லை. அதை மேலூர்க்கார அக்காவிடம் சொன்னேன், பக்கத்து நாற்காலியில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது உங்களுக்கு. "இதைப் பொறுத்துக்கிட்டு இருக்காதே, இன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லு" என்றீர்கள். சொன்னேன். அளவைக் குறைத்தார்கள். இப்போது குளிர்ச்சி கொஞ்சம் தெரிகிறது, விரல் நுனிகள்தான் இன்னும் மரத்திருக்கின்றன.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்காக வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்த எதிர்வீட்டுப் பையனுக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை.

டீச்சர், இன்னொன்று. நீங்கள் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருத்துவம் பார்த்துக்கொண்டவர். அந்த ஆஸ்பத்திரியை 1954-ல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்று அன்று திண்ணையில் சொன்னீர்கள். ஊசி ஏறும் நேரத்தில் பல நாள் அந்தத் தங்கையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டு புதுவயலில் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. அவளுக்கு அடுத்த செவ்வாய் முதல் ஊசி. பல் டாக்டரைப் பார்த்துவிட்டாள்.

ஆச்சி, உங்கள் தூக்குவாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தர மனசு வரவில்லை. நேற்று அடுப்பு திரும்ப என் வீட்டுக்கு வந்தது. எண்ணெய் காயும்போது பயந்துகொண்டேதான் நின்றேன். குமட்டவில்லை. முதல் ஈடு தேன்குழல் கொஞ்சம் சிவந்துவிட்டது, இரண்டாவது சரியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன்.